கிளினிக் நாளுக்கு முதல் நாள்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் உன் வீட்டில் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் ரசச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். வாட்சாப்பில் குரலாகவே பேசி அனுப்பிவிடலாம் என்று இரண்டு தடவை போனை எடுத்தேன். நீ அதைப் பட்டறையில் பாதி கேட்பாய், அதற்குள் யாராவது கூப்பிடுவார்கள், மீதி அப்படியே கிடக்கும். எழுதிக் கொடுத்தால் அந்தக் கதை நடக்காது. நீ மெதுவாகப் படிப்பவன், ஆனால் ஒரு வரியைக்கூட விடாமல் படிப்பவன். சனிக்கிழமை நீ இங்கே வரும்போது இதைக் கையில் கொடுப்பேன். என் முன்னால் படிக்க வேண்டாம். திரும்பிப் போகும் வழியில் ஆற்றோரமாகக் காரை நிறுத்திவிட்டுப் படி.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அம்மா எதற்கோ அடி போடுகிறாள் என்று நினைப்பாய். என் மருமகள் ரேவதி ஆறு மாத வயிற்றோடு உட்கார்ந்துகொண்டு, சாப்பாட்டைக் குறைத்தும் சுகர் இறங்கவில்லை, இன்சுலின் ஊசி போட வேண்டும், அடுத்த வாரம் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. நீ சிரித்தாய்.

"எதுக்கு பயப்படறே? அம்மாவுக்கும் நான் வயித்துல இருக்கிறப்ப சுகர்தான். ஒரு ஊசி போடல. கிளினிக் போற நாளுக்கு மொத நாளு பிஸ்கட் மட்டும் சாப்பிட்டுட்டுப் போவாங்க. ரீடிங் அழகா வந்துரும். கேட்டுப் பாரு, அவங்களே சொல்வாங்க. என்னைப் பாரு லா, நான் நல்லாத்தானே இருக்கேன்? ஏம்மா, சொல்லுங்க!"

ரேவதி என்னைப் பார்த்தாள். "நிஜமாவா அத்தை?" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரேவதிக்காக மட்டும் இல்லை. அதைச் சொன்னால் உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நன்றாக இருக்கிறேன் என்று நீ நெஞ்சைத் தட்டிச் சொல்லும்போது, இருபத்தொன்பது வயது மகனிடம் ஒரு தாய் எப்படிச் சொல்வாள்?

எப்படியோ சொல்லித்தான் ஆக வேண்டும். என் வாய்தான் இந்தப் பிஸ்கட் கதையை உனக்குக் கொடுத்தது. எத்தனை வருடமாக அதைத் தமாஷாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! உன் அக்கா கல்யாணத்தில் காய்கறி வெட்டும்போதுகூடச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தேன். பெரிய கெட்டிக்காரி, டாக்டரையே ஏமாற்றினேன் என்று எனக்கு நினைப்பு. அதையே இன்றைக்குத் தமாஷ் இல்லாமல் சொல்கிறேன், கேள்.

அப்போது நாங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருந்தோம். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார், நான் மரத்தடியில் உதிர்ந்த பழம் பொறுக்கினேன். உன்னைச் சுமந்து ஐந்து மாதம் இருக்கும்போது கிளினிக்கில் சீனித் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து ரத்தம் எடுத்தார்கள். சுகர் என்றார்கள். என் கிளினிக் புத்தகத்தில் ஆபத்து என்று காட்டும் ஒரு வண்ணக் காகிதத்தை ஒட்டி, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வா, அன்றைக்கு முழுக்க நாலு தடவை ரத்தம் பார்ப்போம், எண் ஏறியிருந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ஊசி போடுவோம் என்று நர்ஸ் மிஸ்ஸி சொன்னார். உன் அக்காவுக்கு அப்போது நாலு வயது, அவளை யார் பார்ப்பது என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், அந்த மருந்து உனக்குள்ளே போய் ஏதாவது செய்துவிடும் என்பது. லயத்துக்கு வந்து வாசலில் உட்கார்ந்து அழுதேன்.

பக்கத்து வீட்டு லெட்சுமி கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அடியே, இதுக்கா அழுவறே? மொத நாளு காலையிலேருந்து பிஸ்கட்டும் சீனி போடாத தேத்தண்ணியும் போதும். மறுநாளும் ரத்தம் குடுத்து முடியிற வரைக்கும் அதேதான். அப்புறம் வயிறாரத் தின்னு. நாங்க எல்லாம் எப்படிப் பெத்தோம்னு நினைக்கிறே?" லெட்சுமி கெட்டவள் இல்லை. அவளுக்கு யாரோ சொன்னதை எனக்குச் சொன்னாள். அந்த லயத்தில் சுகர் வந்தவள் எல்லாம் இப்படித்தான் செய்தாள். ஒருத்திக்கு ஒருத்தி உதவி செய்வதாகத்தான் நாங்கள் நினைத்தோம்.

நானும் அப்படியே செய்தேன், ஒரு தடவைகூடத் தவறாமல். முதல் நாள் வெறும் பிஸ்கட். பசியில் கண் இருட்டும், நீ உள்ளே உதைப்பாய், நான் வயிற்றைத் தடவிக்கொண்டு "பொறுத்துக்கோடா, நாளைக்குச் சாப்பிடலாம்" என்பேன். மறுநாள் கடைசி ரத்தம் கொடுத்ததும் நேரே எதிரில் இருந்த மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் போய் மூன்று ரொட்டி சானாய், பால் கெட்டியாக ஒரு தே. மற்ற நாட்களில் கேட்க வேண்டுமா? ரெண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும் என்று சோற்றை மலையாகக் குவித்தேன். ஏழாம் மாதம் வளையல் போட வந்தவர்கள் கொண்டுவந்த கேசரியும் சர்க்கரைப் பொங்கலும் இரண்டு நாள் இருந்தது. எண் மட்டும் அழகாக வந்தது. மிஸ்ஸி என் கையைத் தட்டி, "நல்லா வாயைக் கட்டுறீங்கக்கா, இப்படியே இருங்க" என்றார். நான் வெட்கமே இல்லாமல் சிரித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு அதற்குப் பாராட்டும் வாங்கினேன்.

நீ பிறந்தாய். நாலு கிலோ முந்நூறு. லயமே வந்து பார்த்தது. "பொறக்கும்போதே வேலை வாங்குற மண்டோரு கணக்கா இருக்கான்" என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் பிறந்த அன்றே உன் ரத்தத்தில் சீனி இறங்கிப்போய், நீ துவண்டுவிட்டாய். மூன்று நாள் கண்ணாடிப் பெட்டியில், மூக்கில் குழாயோடு. ஏன் என்று டாக்டர் சொன்னார். உள்ளே இருக்கும்போது பிள்ளைக்குச் சீனி அதிகம் வந்துகொண்டே இருந்தது, தொப்புள்கொடி அறுந்ததும் அது நின்றுவிட்டது, உடம்பு தடுமாறுகிறது என்றார். என் காதில் அது ஏறவில்லை. வீட்டுக்கு வந்து மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டேன். கண்ணு பட்டுவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன்.

மூன்று வயது வரை நீ பேசவில்லை. ஆம்பளைப் பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்றார்கள், நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் போனாய். பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் வாத்தியார் அழித்துவிடுவார். வீட்டுக்கு வரும்போது நோட்டில் பாதிப் பக்கம் காலியாக இருக்கும். உன் அக்கா ஒரு தடவை கேட்டால் ஒப்பிப்பாள். அவளை வைத்துக்கொண்டு உன்னை அளந்தேன். அதுவே பாதிப் பாவம். மீதிப் பாவத்தை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

ஏழாம் வாய்ப்பாடு. உனக்கு ஒன்பது வயது. சாயங்காலம் என் எதிரில் உட்கார்ந்து ஏழேழு நாற்பத்தொன்பது வரைக்கும் பிழையில்லாமல் சொன்னாய். மனசு குளிர்ந்துபோய் உனக்கு முட்டை பொரித்துக் கொடுத்தேன். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது கேட்டேன். மூன்றேழோடு நின்றுவிட்டாய். திமிர் என்று நினைத்தேன். அடியாத மாடு படியாது என்று எங்கள் காலத்தில் சொல்வார்கள், அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டவள் நான். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த ரோத்தான் பிரம்பை எடுத்தேன். நீ அழவில்லை. காலைத் தேய்த்துக்கொண்டு என்னைப் பார்த்து, "அம்மா, நான் மறக்கலம்மா. அதுவா போயிருது" என்றாய். எதிர்த்துப் பேசுகிறாய் என்று இன்னும் இரண்டு வைத்தேன். உள்ளபடியே உனக்கு என்ன நடக்கிறது என்று இந்த உலகத்திலேயே நீ ஒருவன்தான் சரியாகச் சொன்னாய். அதற்கு உனக்கு அடி கிடைத்தது.

அந்த வருடமே உன் வகுப்பு டீச்சர் வீடு தேடி வந்தார். "பையன் சோம்பேறி இல்லக்கா. ஆஸ்பத்திரியில காமிச்சுப் பாருங்க, இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிற முறையே வேற" என்றார். நான் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. "என் பிள்ளை என்ன பைத்தியமா?" என்று கேட்டேன். அந்த அம்மா குனிந்த தலையோடு போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றைக்கே உன்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால், நீ மக்குப் பிள்ளைகள் என்று ஒதுக்கும் கடைசி வகுப்பின் கடைசி வரிசையில் மூன்று வருடம் உட்கார்ந்திருக்க மாட்டாய்.

இதையெல்லாம் ஏன் சுகரோடு சேர்த்து முடிச்சுப் போடுகிறேன் என்று கேட்பாய். எனக்கும் சந்தேகம்தான். அதனால் செவ்வாய்க்கிழமை என் மருந்துக்காகக் கிளினிக் போனபோது, டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நம் தமிழ்ப் பெண்பிள்ளைதான், சின்ன வயது. பின்னால் எத்தனை பேர் காத்திருந்தார்களோ, பாவம், பொறுமையாகக் கேட்டது. "என் மகனுக்குப் படிப்பு வராமப் போனதுக்கு நான்தான் காரணமா, சொல்லிடும்மா" என்றேன்.

"ஆண்ட்டி, ஒரு ஆளைக் காட்டி, இவருக்கு இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது. எத்தனையோ காரணம் இருக்கும். சுகர் இருந்த அம்மாங்களோட பிள்ளைங்க நிறையப் பேர் நல்லா வர்றாங்க. ஆனா சுகரை அப்படியே விட்டா, பிள்ளைக்குப் பேச்சு, கவனம், படிப்பு இதுல கொஞ்சம் பின்தங்குற வாய்ப்பு கூடலாம். கூடலாம், அவ்வளவுதான். அதைக் குறைக்கிறது நம்ம கையில இருக்கு. நீங்க பட்டினி கிடந்தீங்க பாருங்க, அதுவும் தப்பு."

"ஊசி மருந்து பிள்ளைக்குள்ள போயிரும்னு பயந்துட்டேம்மா" என்றேன்.

அந்தப் பெண் ஒரு நிமிடம் பேனாவைக் கீழே வைத்தது. "அம்மாவோட சீனி பிள்ளைக்குப் போகும், ஆண்ட்டி. இன்சுலின் போகாது."

தம்பி, கேட்டாயா? போகாத மருந்துக்குப் பயந்து, போகிற சீனியை நாலு மாதம் உனக்கு ஊட்டியிருக்கிறேன். கேட்டிருந்தால் இதை யாராவது அன்றைக்கே எனக்குச் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. கேட்டால் உண்மையான எண்ணைக் காட்ட வேண்டிவரும்.

இப்போது உன்னிடம் நேராகப் பேசுகிறேன். நீ குறைபட்டவன் என்று சொல்ல இதை எழுதவில்லை. அப்படி ஒரு எண்ணம் உனக்கு வந்தால் அந்த இடத்திலேயே தூக்கிப் போடு. படிப்பு வராத பிள்ளைக்குச் சாமி வேறொரு திறமையை வைத்துத்தான் அனுப்பும் என்று ஆறுதல் சொல்வார்கள், அது எனக்கு எரிச்சலாக இருக்கும். ரவாங்கில் உன் பட்டறையில் மண்வாரி இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே எங்கே பழுது என்று சொல்கிறாய் என்றால், அது யாரும் கொடுத்த வரம் இல்லை. ஆறு வருடம் எண்ணெயில் குளித்துக் கற்றுக்கொண்டாய். மற்றவர்கள் ஒரு தடவை படித்ததை நீ ஐந்து தடவை படித்தாய். நீ நன்றாகத்தான் இருக்கிறாய். ஆனால் அந்த நன்றாக இருப்பதற்கு நீ பட்ட பாட்டை உன் பிள்ளையும் பட வேண்டும் என்று ஏன் ஆசைப்படுகிறாய்? "என்னைப் பாரு" என்று ரேவதியிடம் சொல்லாதே. நீ பட்டதில் பாதியை அவள் பார்த்ததில்லை.

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். நேற்றுக் காலையில் ரேவதிக்குப் போன் போட்டு, பிஸ்கட் கதை முழுப் பொய் வேலை, அதைச் செய்யாதே என்று சொல்லிவிட்டேன். "அத்தை, நான் திங்கக்கிழமையும் செவ்வாக்கிழமையும் ஏற்கனவே அப்படித்தான் இருந்தேன். வீட்டு மெஷின்ல குத்திப் பார்த்து, புத்தகத்துல நல்ல ரீடிங் எழுதிட்டேன். அவருக்கு அது பிடிச்சிருந்துச்சு" என்று அழுதாள். பார்த்தாயா? முப்பது வருடத்துக்கு முன்னால் லயத்து வாசலில் விதைத்தது புக்கிட் செந்தோசாவில் உன் வீட்டில் முளைத்துவிட்டது. அவளைத் திட்டாதே, அவள் உன்னைச் சந்தோஷப்படுத்தப் பார்த்தாள். உன் பள்ளிக்கூடத்துக் கதையை நான் அவளிடம் சொல்லவில்லை. அது உன்னுடையது. சொல்வதும் விடுவதும் உன் இஷ்டம்.

இனி என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதில் பேரம் கிடையாது. அந்த இரண்டு நாள் எண்ணும் பொய் என்று ரேவதி திங்கட்கிழமை டாக்டரிடம் தன் வாயாலேயே சொல்லட்டும். திட்டினால் திட்டட்டும், திட்டுக்கு யாரும் செத்ததில்லை. அவள் ஒரு வேளையும் பட்டினி கிடக்கக் கூடாது. அவள் தட்டில் சோறு குறைகிறது என்றால் உன் தட்டிலும் குறை. அவள் எதிரில் உட்கார்ந்து மூன்று தட்டு நாசி லெமாக் விழுங்கிவிட்டு அவளுக்கு வாயைக் கட்டச் சொல்லாதே. விரலைக் குத்தி என்ன எண் வருகிறதோ அதை அப்படியே எழுதுங்கள், அசிங்கமாக இருந்தாலும் எழுதுங்கள். ஊசியைப் பற்றி அவளுக்குப் பயம் வேண்டாம். அன்றைக்கு ஊசிக்குப் பயந்து ஓடியவள் இன்றைக்குத் தினமும் என் வயிற்றில் நானே போட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து அடுத்த இரண்டு வாரம் உங்கள் வீட்டில்தான் இருப்பேன், துணி மூட்டை கட்டியாகிவிட்டது. எங்கே குத்தினால் வலிக்காது என்று அவளுக்கு நானே காட்டுவேன்.

பிள்ளை பிறந்ததும் அதன் ரத்தத்தில் சீனி பார்த்தாயிற்றா என்று நீயே கேள். எத்தனை கிலோ என்று பெருமை அடிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இத்தனையும் செய்த பிறகும், அது மெதுவாகப் பேசலாம், மெதுவாகப் படிக்கலாம். யாருக்குத் தெரியும்? அப்படி இருந்தால் முதல் வேலையாகக் காட்டப் போங்கள், அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்று பார்க்காதீர்கள். ரேவதியைக் குற்றம் சொல்லாதே, உன்னையும் சொல்லிக்கொள்ளாதே. அதன் மேல் யாரும் கை வைக்கக் கூடாது. நான் கை ஓங்கினால் பெற்றவள் என்று பார்க்காமல் என் கையைப் பிடி.

இன்னொன்று. லெட்சுமி சொல்லிக் கொடுத்ததை நான் என்னோடு வைத்துக்கொள்ளவில்லை. எனக்குப் பின்னால் நாலைந்து பெண்களுக்கு நானே சொல்லிக் கொடுத்தேன். அவர்கள் எல்லாரும் நம் தோட்டத்துப் பெண்கள் வாட்சாப் குழுவில் இருக்கிறார்கள், இன்றைக்கு அவர்களுக்கும் மகள், மருமகள் என்று வயிற்றோடு இருக்கிறார்கள். நீ சம்மதித்தால் இந்தக் கடிதத்தை அதில் போடப் போகிறேன். அதனால்தான் உன் பெயரை இதில் எங்கேயும் எழுதவில்லை. ரேவதி பெயரையும் போடும்போது எடுத்துவிடுவேன். நீ வேண்டாம் என்றால் உன் பகுதியை எடுத்துவிட்டு என் திருட்டுத்தனத்தை மட்டும் போடுவேன். போடாமல் இருக்க மாட்டேன். இத்தனை வருடம் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன வாயால் இதையும் சொல்லியாக வேண்டும்.

உனக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும். அடித்ததற்கு ஒரு கோபம், மறைத்ததற்கு ஒரு கோபம், இப்போது சொன்னதற்கு ஒரு கோபம், மூன்றுக்கும் உனக்கு உரிமை இருக்கிறது. மன்னித்துவிடு என்று கேட்டு உனக்கு இன்னொரு வேலை வைக்க நான் விரும்பவில்லை. பதிலும் எழுத வேண்டாம். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் காரை எடு. ரேவதி முன்னால் உட்காரட்டும், நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். கிளினிக் போய்ச் சேரும்வரை என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் பார்க்காதே, ஒரு வார்த்தை பேசப் பிடிக்கவில்லை என்றால் பேசாதே. காரை மட்டும் திருப்பிவிடாதே.

உன் அம்மா